பொரிப்புப் பெட்டி: கோழி முட்டை உருளணும், ஆமை முட்டை உருளவே கூடாது

கேள்வி: அண்ணா, எங்க தோப்புல ரெண்டு சல்கேட்டா ஆமை இருக்குதுங்க. ஆப்பிரிக்க ஆமைதான், வீட்டுக்காரர் முறையா பதிவு பண்ணித்தான் வச்சிருக்கார். நாலு நாளைக்கு முன்னாடி பொட்டை ஆமை தென்னைமரத்து மூட்டுல குழி தோண்டி 17 முட்டை போட்டு மூடிருச்சு. நாட்டுக்கோழிக்குன்னு வாங்குன 56 முட்டை ஆட்டோமேட்டிக் இன்குபேட்டர் ஒண்ணு சும்மா கெடக்குது, அதுல வச்சாப் பொரியுமா, இல்ல ஆமைக்குன்னு தனியா வாங்கணுமா? மாமியார் என்னடான்னா மண்ணுலயே விட்டுரு, அது பாத்துக்கும்ங்கறாங்க. — கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒரு வாசகி

பதில்: உங்க லெட்டரை ஆபீஸ்ல இருந்து வாட்ஸ்அப்ல அனுப்புன அன்னைக்கு சாயங்காலமே உங்களுக்கு போன் போட்டுட்டேன் அம்மணி, ஏன்னா புஸ்தகம் அச்சாகி வர்ற வரைக்கும் முட்டை காத்திருக்காது. ஆனா இதே கேள்விய இன்னும் ரெண்டு மூணு பேர் கேட்டிருக்கறதால போன்ல சொன்னதையே இங்கயும் எழுதறேன்.

உங்க மெஷினே போதும். ஆனா மொத வேலையா அதுல முட்டையைத் திருப்புற மோட்டார் இருக்குது பாருங்க, அதோட வயரைக் கழட்டிருங்க, ட்ரேயையும் வெளிய எடுத்துருங்க.

நான் 22 வருஷம் பல்லடம் பக்கம் கோழிக்குஞ்சு பொரிக்கற ஹேச்சரில, முட்டைய அடுக்கிச் சூட்டுல வைக்கற செட்டர் ரூம்ல வேலை பாத்தவன். முட்டைன்னா மணிக்கு ஒரு தரம் திருப்பணும், 37.5 டிகிரி இருக்கணும், 21-ஆம் நாள் குஞ்சு கத்தணும், இதுதான் எனக்குத் தெரிஞ்ச வேதம். அந்தத் திமிர்லதான் ஒரு தப்பு பண்ணேன். பொள்ளாச்சி ரோட்டுல ஒரு தோட்டத்துக்காரர், நல்ல பழக்கம், இதே சல்கேட்டா முட்டை 14 கொண்டாந்து பொரிச்சுக் குடுங்கன்னு கேட்டார். நானும் காடை முட்டைக்குப் பக்கத்துலயே அடுக்கி மெஷினை ஓட்டிவிட்டுட்டுப் போயிட்டேன். மூணாவது வாரம் ரூம் பூரா ஒரே நாத்தம். ஒடைச்சுப் பாத்தா எல்லாம் கலங்குன கூழு. அவர் ஒரு வார்த்தை திட்டல, டீ வாங்கிக் குடுத்துட்டுப் போனார், அதுதான் இன்னைக்கும் உறுத்துது.

என்ன நடந்துச்சுன்னா, கோழி முட்டைக்குள்ள மஞ்சக்கருவை ரெண்டு பக்கமும் கயிறு மாதிரி ஒண்ணு புடிச்சிருக்கும், ஒடைச்சு ஊத்தும்போது வெள்ளையா முறுக்கிட்டு வருமே அதுதான். நீங்க எப்படித் திருப்புனாலும் கரு மேல வந்து நிக்கும், திருப்பலைன்னாதான் ஓட்டுல ஒட்டிக்கிட்டு சாகும். ஆமை முட்டைல அந்தக் கயிறே கெடையாது. போட்டு ஒரு நாள் ஆச்சுன்னா கரு மேல் பக்கத்து ஓட்டுல போய் ஒட்டிக்கும், ஒட்டுனாத்தான் அது வளரும். அப்பறம் தலைகீழாப் போட்டீங்கன்னா மஞ்சக்கரு கனமெல்லாம் அது மேல வந்து அமுக்கும். கோழிக்கு மருந்தா இருக்கறது ஆமைக்கு விஷம், வேற ஒண்ணுமில்ல. மெட்ராஸ் பீச்சுல 1988-ல இருந்து மாணவர் பசங்க ராத்திரி ராத்திரி நடந்து கடலாமை முட்டையை எடுத்து ஹேச்சரில பொதைக்கறாங்களே, அவுங்க விடியறதுக்குள்ள ஓடி ஓடி மாத்தறதும் இதுக்காகத்தான்.

உங்க முட்டை நாலு நாள் ஆயிருச்சு. அதனால கையால பரபரன்னு தோண்டாதீங்க, பெயின்ட் அடிக்கற பிரஷ்ஷை வச்சு மண்ணை மெல்ல ஒதுக்குங்க. முட்டை தெரிஞ்சதும் அது கெடக்கற நெலையிலயே மேல் பக்கத்துல பென்சில்ல ஒரு பெருக்கல் குறி போடுங்க, ஸ்கெட்ச் பேனா வேண்டாம். அந்தக் குறி வானத்தைப் பாத்த மாதிரியே எடுத்து அப்படியே பெட்டிக்குள்ள எறக்குங்க. கழுவக் கூடாது, மண்ணு ஒட்டியிருந்தா இருந்துட்டுப் போகுது. எடுத்து வச்ச தேதிய காலண்டர்ல குறிச்சிருங்க, கோழி மாதிரி மூணு வாரம் இல்ல, மூணு மாசத்துல இருந்து நாலு மாசம் வரைக்கும் போகும், நடுவுல எத்தனையாவது நாள்ன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது.

சூடு 30-ல இருந்து 31 டிகிரிக்குள்ள. வாங்கறப்பவே 37.5-ல செட் பண்ணித்தான் குடுத்திருப்பாங்க, சில மெஷின்ல கீழ எறக்கறதுக்கு ஒரு எல்லை இருக்கும், சிலது எறங்கும் ஆனா சூடு பத்தலன்னு அலாரம் விடாமக் கத்தும். மொதல்ல வெறும் பெட்டிய 30.5-ல வச்சு ரெண்டு நாள் ஓட்டிப் பாத்துட்டு அப்பறம் முட்டைய வைங்க. உள்ள ஒரு ஃபேன் சுத்தும், அது கோழிக்கு நல்லது, ஆமை முட்டைய காய வச்சிரும். அதுக்கு முட்டைய நேரா வைக்காம மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பால வச்சு, மூடில மூணு நாலு சின்ன ஓட்டை மட்டும் போட்டு, டப்பாவை மெஷினுக்குள்ள வைங்க. டப்பா வைக்க மெஷினுக்குள்ள ஒயரம் பத்தலன்னா மட்டும்தான் வேற பெட்டி பத்தி யோசிக்கணும், அதைக் கீழ கோபாலபுரம் தம்பிக்கு எழுதியிருக்கேன்.

உங்க மாமியார் சொன்னதுலயும் தப்பில்லீங்க. அந்த ஆமையோட சொந்த ஊரு சகாராவுக்குத் தெக்கால, காஞ்ச மண்ணு, அங்க பொதைச்சு வச்சுட்டு அது பாட்டுக்குப் போயிரும். நம்ம பாலக்காட்டுக் கணவாய்ல இடவப்பாதி மழை, அதான் தென்மேற்குப் பருவமழை, புடிச்சா தென்னை மூட்டுல தண்ணி நின்னு முட்டை மூச்சடைச்சுச் செத்துரும். போதாததுக்கு கீரி, உடும்பு, எறும்பு. அதனாலதான் பெட்டி.

இன்னொண்ணும் சொல்லிடறேன், கோவிச்சுக்காதீங்க. 17-ம் பொரிஞ்சா 17-க்கும் எடம் இருக்கா? இது வளந்தா ஆள் தூக்க முடியாது, அம்பது கிலோவத் தாண்டும், நம்ம பேரன் காலம் வரைக்கும் உசுரோட இருக்கும். 2024-ல வந்த விதிப்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தோட பரிவேஷ் போர்ட்டல்ல தாய் ஆமைய பதிவு பண்ணுன மாதிரியே குஞ்சு பொறந்தாலும் செத்தாலும் கை மாறுனாலும் தெரிவிக்கணும். என்னைக் கேட்டா ஆறு முட்டைய மட்டும் வச்சுட்டு மிச்சத்தை எடுத்த அன்னைக்கே ஃப்ரீசர்ல போட்டு கரு வளராம நிறுத்திருங்கன்னுதான் சொல்லுவேன். போன்லயும் சொன்னேன், நீங்க பதில் பேசல.

கேள்வி: ஆமை முட்டைக்கு டப்பால அடியில பரப்ப வெர்மிகுலைட்டுன்னு ஈரம் புடிச்சு வைக்கற தூளு ஒண்ணு வேணும்ங்கறாங்க. எங்க ஊர்ல எங்க பாத்தாலும் தேங்கா நார்த்தூள்தான் குமிஞ்சு கெடக்குது, அதைப் போட்டா ஆகாதா? — ஆனைமலை

பதில்: ஆகும். ஆனா மில்லு வாசல்ல இருந்து அள்ளிட்டு வந்த புதுத் தூளு ஆகாது. அதுல உப்பு ஜாஸ்தி, செடிக்கே அப்படியே போட மாட்டோமில்ல? நல்ல தண்ணில மூணு தரம் ஊறப்போட்டு ஊறப்போட்டு புழிஞ்சு, வெயில்ல காய வச்சு, அப்பறம் தேவைக்கு நனைச்சுக்கோங்க. பதம் எப்படின்னா, ஒரு கை அள்ளி இறுக்கிப் புடிச்சா ஒரு சொட்டோ ரெண்டு சொட்டோ விரலிடுக்குல வரணும், ஒழுகக் கூடாது.

வெர்மிகுலைட் நர்சரிச் சாமான் விக்கற கடையில கெடைக்கும், எடை போட்டுக் கலக்கறது சுலபம்ங்கறதால பொதுசா பண்றவங்களுக்கு நான் அதையே சொல்லுவேன். சல்கேட்டா மாதிரி ஓடு கெட்டியா இருக்கற முட்டைக்கு தூள் 100 கிராம்னா தண்ணி 80 கிராம், 100-க்கு மேல வேண்டாம். ஈரம் ஏறிப்போச்சுன்னா முட்டை தண்ணிய உறிஞ்சி உள்ளுக்குள்ள வீங்கி ஓடு நெட்டுக்க வெடிக்கும், அதைப் பாத்து பொரியுதுன்னு சந்தோசப்பட்டவங்களும் உண்டு. முட்டைய பாதி மட்டும் பொதைங்க, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம ரெண்டு விரல் எடம் விடுங்க, ஒண்ணு பூசணம் புடிச்சாலும் பக்கத்துக்குத் தாவாது.

தண்ணி எப்ப ஊத்தறதுன்னு எல்லாருக்கும் சந்தேகம் வரும். இதுக்கு ஹேச்சரில கத்துக்கிட்ட ஒரு வித்தை இருக்கு. முட்டையெல்லாம் வச்சு முடிச்சதும் டப்பாவோட சமையக்கட்டுத் தராசுல நிறுத்தி எடைய மூடி மேலயே எழுதிருங்க. மூணு வாரத்துக்கு ஒருக்கா, ஆட்டாம அசைக்காம, திரும்ப நிறுத்துப் பாருங்க. எத்தன கிராம் கொறஞ்சிருக்கோ அத்தன கிராம் வெதுவெதுப்பான தண்ணிய டப்பா ஓரமா விடுங்க, முட்டை மேல படக் கூடாது. வாரம் ஒருக்கா மூடியத் தெறந்து ஒரு நிமிசம் காத்து மாத்துங்க. அவ்வளவுதான். தெனமும் தெறந்து பாக்கறவங்க முட்டைதான் மொதல்ல கெடும், எனக்குத் தெரிஞ்சவரைக்கும்.

கேள்வி: சார், ஆமை இன்குபேட்டர் சொந்தமா செய்யலாம்னு இருக்கேன். தெர்மாக்கோல் பெட்டி, பல்பு, சூட்டைப் பாத்து கரண்ட்ட விட்டு நிறுத்தறதுக்கு ஆன்லைன்ல எஸ்டிசி 1000 தெர்மோஸ்டாட்டு, இது போதுமா? ஆடிக் காத்துல எங்க பக்கம் மட்டை விழுந்து விழுந்து கரண்ட் போயிட்டே இருக்கும், அதுக்கு என்ன பண்றது? — கோபாலபுரம்

பதில்: தம்பி, சாமான் எல்லாம் சரி. ஆனா தெர்மாக்கோலும் பல்பும் வச்சா கரண்ட் போன அரை மணி நேரத்துல பெட்டி சில்லுன்னு ஆயிரும், வந்ததும் பல்பு படக்குன்னு சூடு ஏத்தும், நாள் பூரா ஊஞ்சல்தான். உங்க ஊருக்கு தண்ணித் தொட்டி இன்குபேட்டர்தான் சரி.

பழைய மீன் தொட்டி ஒண்ணு, ரெண்டடி நீளம் போதும், வெரிசல் இருந்தாலும் சிலிக்கான் வச்சு அடைச்சுக்கலாம். உள்ள நாலு செங்கல் அடுக்குங்க, செங்கல் தலைக்குக் கீழ வரைக்கும் தண்ணி ஊத்துங்க, மீன் தொட்டிக்குப் போடற ஹீட்டரை தண்ணிக்குள்ள படுக்க வைங்க. செங்கல் மேல முட்டை டப்பா. தொட்டிக்கு மேல கண்ணாடி மூடி, அதை மட்டமா வைக்காம ஒரு பக்கம் தூக்கி சாச்சு வைங்க, இல்லன்னா ஆவி மூடியில படிஞ்சு சொட்டுச் சொட்டா முட்டை மேல விழும், நான் இதை ஒரு டப்பா கெட்டதுக்கு அப்பறம்தான் கண்டுபுடிச்சேன். சுத்தியும் தெர்மாக்கோல் ஒட்டிருங்க. இருபது லிட்டர் தண்ணி சூடா இருக்கும்போது கரண்ட் போனா பல மணி நேரம் தாங்கும், ஈரப்பதமும் தானா 80-ஐத் தொட்டு நிக்கும், தனியா தண்ணிக் கிண்ணம் வைக்கற வேலையே இல்ல.

ஹீட்டர்ல இருக்கற திருகுக் குமிழை நம்பாதீங்க. அதைக் கொஞ்சம் மேல வச்சுட்டு, கரண்ட்ட எஸ்டிசி வழியாக் குடுங்க, சென்சாரை தண்ணில போடாம முட்டை மட்டத்துல காத்துல தொங்க விடுங்க. 30.5-ல வச்சு, எத்தன எறங்குனா ஹீட்டர் திரும்ப எரியணும்ங்கற வித்தியாசத்தை 0.3-ன்னு குடுத்தா போதும்.

இப்ப நான் சொல்லப் போறதை தயவு செஞ்சு விடாமப் பண்ணுங்க. அந்த மாதிரி தெர்மோஸ்டாட்டுக்குள்ள ரிலேன்னு ஒரு ஸ்விட்ச் டிக் டிக்னு அடிச்சுட்டே இருக்கும், மாசக்கணக்குல அடிச்சு அடிச்சு ஒரு நாள் அதோட ரெண்டு முனையும் உருகி ஒட்டிக்கும். டிஸ்ப்ளே ஆஃப்னு காட்டும், ஹீட்டர் எரிஞ்சுட்டே இருக்கும். எனக்கு காடை பெட்டில இது நடந்து காலைல பாத்தா 44 டிகிரி. அதனால ரெண்டாவது தெர்மோஸ்டாட்டு ஒண்ணை அதே வயர்ல வரிசையாப் போட்டு 32.5-ல வச்சிருங்க. மொதலாவது ஒட்டிக்கிட்டாலும் ரெண்டாவது அறுத்துவிடும். எல்லாரும் இன்குபேட்டர் பெருசா, ஃபேன் இருக்கா, லைட் இருக்கான்னு கேக்கறாங்க, இந்த ரெண்டாவது தெர்மோஸ்டாட்டப் பத்தி ஒருத்தரும் கேக்கறதில்ல. தண்ணியும் கரண்ட்டும் சேர்ற எடம்ங்கறதால எர்த் இருக்கற பிளக்கும், கரண்ட் கசிஞ்சா ட்ரிப் ஆகற ஆர்சிசிபி ஸ்விட்ச்சும் கட்டாயம், இதுல கஞ்சத்தனம் கூடாது.

கரண்ட் போனா பயப்படவே வேண்டாம். ஆமை முட்டை ஒரு ராத்திரி 25-க்கு எறங்குனாலும் தாங்கும், வளர்ச்சி கொஞ்சம் நிக்கும், பொரியறது ரெண்டு நாள் தள்ளிப் போகும், அவ்வளவுதான். 35-க்கு ஏறுனாத்தான் ஆபத்து. கோழி ஹேச்சரில எங்களுக்கு ஜெனரேட்டர் ரெண்டு நிமிசம் லேட்டானா வேர்த்துரும், ஆமைக்கு அந்த அவசரம் இல்ல. பதட்டத்துல சுடுதண்ணி பாட்டில உள்ள வச்சுக் கொன்னவங்கதான் ஜாஸ்தி.

பங்குனி சித்திரைதான் உங்களுக்கு நெஜமான சோதனை. இன்குபேட்டர் சூடு பண்ணும், குளுர வைக்காது. வெளிய 37, ஷீட்டு போட்ட ரூம் 35-ன்னா பெட்டிய 30.5-ல வச்சு என்ன பிரயோசனம், ஹீட்டர் ஆஃப்ல இருக்கும், முட்டை வேகும். ஓட்டு வீடு, தரையோட ஒட்டுன உள் ரூம், ஜன்னல் வெயில் படாத எடம் பாத்து, முட்டை வைக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடியே அந்த ரூமோட மத்தியானச் சூட்டைக் குறிச்சுப் பாருங்க. 30-ஐத் தாண்டாத ரூம் கெடச்சாத்தான் வேலை. எங்க வீட்டுல அது பழைய நெல்லு ரூம்தான், மருமக அங்க ஃப்ரிட்ஜ் வைக்கணும்னு மூணு வருஷமாக் கேட்டுட்டு இருக்கா.

மீட்டர் சரியாக் காட்டுதான்னு ஒரு தரம் சோதிச்சுருங்க. ஐஸைப் பொடியா நொறுக்கி கொஞ்சம் தண்ணி விட்டு அதுல சென்சாரை வச்சா 0 காட்டணும், எத்தன தள்ளிக் காட்டுதோ அதைக் கழிச்சுக்கோங்க. ஈரப்பத மீட்டருக்கு சமையல் உப்புப் போதும். ஒரு மூடில உப்பைப் போட்டு சேறு மாதிரி நனையற அளவுக்கு ரெண்டு சொட்டு தண்ணி விட்டு, மீட்டரையும் அதையும் ஒரே ஜிப் கவருக்குள்ள போட்டு ராத்திரி பூரா மூடி வைங்க, காலைல 75 காட்டணும். கடையில வாங்குன புது மீட்டர் 62 காட்டி நான் பாத்திருக்கேன்.

கேள்வி: ஐயா, எங்க தோட்டத்து வேலியோரம் உழும்போது ஒரு நட்சத்திர ஆமை முட்டை போட்டுட்டு இருந்துச்சு, நாலு முட்டைன்னு நெனைக்கறேன். எடுத்து பையன் செஞ்ச இன்குபேட்டர்ல வச்சுப் பொரிச்சு அப்பறம் காட்டுல விட்டுடலாமா? நல்லதுக்குத்தானுங்க. — மானுப்பட்டி பக்கம்

பதில்: வேண்டாமுங்க. நல்லதுக்குன்னாலும் வேண்டாம். நட்சத்திர ஆமை 2022 திருத்தத்துக்கு அப்பறம் வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணை, புலிக்கும் யானைக்கும் இருக்கற அதே எடம். முட்டையும் அதுல சேத்தித்தான். கையில வச்சிருந்தாலே மூணு வருசத்துக்குக் கொறையாம, ஏழு வருசம் வரைக்கும் ஜெயில், அபராதம் 25,000-க்குக் கொறையாம. உலக அளவுல 2019-லயே வியாபாரத்தை முழுசா நிறுத்துன பட்டியலுக்குக் கொண்டு போயிட்டாங்க, ஏன்னா கடத்தறவனுக்கு இது சூட்கேஸ்ல அடங்கற சாமான்.

சட்டத்தை விடுங்க, விசயத்துக்கு வர்றேன். அந்த ஆமை நம்ம சின்னார் மேட்டு முள்ளுக்காட்டுக்குப் பொறந்தது, கேரளா பூராவுக்கும் அது இயற்கையா இருக்கற எடம் அந்த மழை மறைவுக் காடு ஒண்ணுதான், வேற பக்கம் பிடிபட்டதைக்கூட அங்க கொண்டு வந்து பராமரிச்சுத்தான் விடறாங்க. பின்னங்காலால குழி தோண்டி, தன் தண்ணிய விட்டே மண்ணை நனைச்சு, முட்டை போட்டு, வயித்து ஓட்டால தட்டித் தட்டி மட்டம் பண்ணிட்டுப் போகும். அந்தக் குழிக்குள்ள முட்டை மாசக்கணக்குல தூங்கும், ஒரே குழியில ஒண்ணு சீக்கிரம் வரும், ஒண்ணு லேட்டா வரும், மழை வந்து மண்ணு இளகுனாத்தான் வெளிய வரும். இந்தக் கணக்கு உங்க பையன் பெட்டிக்குத் தெரியாது, என் பெட்டிக்கும் தெரியாது.

நீங்க பண்ண வேண்டியது, அந்த எடத்தை உழாம விட்டு நாலு கல்லை அடையாளம் வைங்க, நாய் தோண்டாம மேல முள்ளு போடுங்க, ஃபாரஸ்ட் ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லுங்க. முட்டை ஏற்கெனவே ஏர்ல பட்டு வெளிய வந்திருந்தா கைல எடுக்காம அவங்களையே வரச் சொல்லுங்க. பையனுக்கு ஆசைன்னா நாட்டுக்கோழி முட்டை பத்து வாங்கிக் குடுங்க, மூணு வாரத்துல முடிவு தெரிஞ்சிரும், அந்த வயசுக்கு அதுதான் நல்லது.

கேள்வி: சூட்டை மாத்துனா ஆமைக் குட்டி எல்லாம் பொட்டையா வரும்னு ஒரு வீடியோல சொன்னாங்க, நெஜமா? — பொள்ளாச்சி

பதில்: நெஜம். 1966-ல மேடலின் சார்னியேங்கற பிரெஞ்சுக்காரம்மா ஆப்பிரிக்கால செனகல்ல இருந்துட்டு இதைக் கண்டுபுடிச்சாங்க, எதுல தெரியுமா, ஓணான் முட்டைல. நம்ம பசங்க கல்லெறியற அதே ஓணான் சாதி. அதுக்கு அப்பறம்தான் ஆமை, முதலைன்னு ஒவ்வொண்ணாப் பாத்தாங்க. ஆமைக்கு பொதுவா 28, 29-ல வச்சா கடுவன், 32-ஐ ஒட்டி வச்சா பொட்டை, நடுவுல ரெண்டும் கலந்து. முதலைக்கு வேற கணக்கு, நம்ம அமராவதி அணைல இருக்கற சதுப்பு முதலைக்கு 32-ஐ ஒட்டி வச்சா கடுவன், அதுக்குக் கீழ போனா பொட்டை.

இதுல ரெண்டு விசயத்தை வீடியோக்காரங்க சொல்ல மாட்டாங்க. பொரிக்கற காலத்தை மூணு பங்கா வச்சா நடுப் பங்குலதான் இது முடிவாகும், கடைசி மாசம் சூட்டைத் திருகி ஒண்ணும் ஆகப்போறதில்ல. இன்னொண்ணு, பொட்டை வேணும்னு 33, 34-க்கு ஏத்துனா முதுகு ஓட்டுல கட்டம் ஒண்ணு ரெண்டு கூடப் பொறக்கும், கோணல் நெளிசலா வரும், பாதி உள்ளயே சாகும். சல்கேட்டா கடுவனா பொட்டையான்னு கண்ணால தெரியறதுக்கே பல வருசம் ஆகும், நீங்க வச்ச சூடு சரியா தப்பான்னு கேக்கறதுக்கு அன்னைக்கு நான் இருக்கணுமே. 30.5-ல வச்சுட்டு வர்றது வரட்டும்னு விடுங்க.

கேள்வி: நாட்டுக்கோழி முட்டை 18 நாள் வரைக்கும் நல்லாருக்கு, டார்ச் அடிச்சா குஞ்சு அசையுது, கடைசில ஓட்டுக்குள்ளயே செத்துருது. — நெகமம்

பதில்: 18-ஆம் நாள் திருப்பறதை நிறுத்துனீங்களா? தண்ணிக் கிண்ணத்தை ரெண்டாக்கி ஈரப்பதம் 65, 70-க்கு ஏத்துனீங்களா? காத்து ஓட்டைய அடைச்சு வச்சிருக்கீங்களா? இந்த மூணுல ஒண்ணுதான். காய்ச்சல் பாக்கற தெர்மாமீட்டர முட்டைப் பக்கத்துல வச்சு மெஷின் காட்டற 37.5 சரியான்னும் பாத்துக்கோங்க. ஆமைக்காரங்க இதைப் பண்ணாதீங்க, பாதரசம் 35-க்குக் கீழ காட்டவே காட்டாது.

கேள்வி: அண்ணா, என்ற சல்கேட்டா முட்டை 96-ஆம் நாள், நேத்து ராத்திரி ஒண்ணுல ஓட்டை விழுந்து மூக்கு தெரியுது. காலைல வரைக்கும் அப்படியேதான் இருக்குது, கூடவே இருக்கற மத்த அஞ்சு முட்டைல ஒரு அசைவும் இல்ல. ஓட்டை உரிச்சு விட்டுரட்டுமா? — ஆழியார் பக்கம்

பதில்: தொடாதீங்க தம்பி, கைய பாக்கெட்டுல வச்சுக்கோங்க. மூக்கு நுனில முள்ளு மாதிரி ஒண்ணு இருக்கும், அதுல ஓட்டைக் குத்திட்டு மூச்சு வாங்கிட்டே உள்ளயே ஒக்காந்திருக்கும், ரெண்டு நாள், சிலது மூணு நாள். சும்மா ஒக்காரல, வயித்துல ஒட்டியிருக்கற மஞ்சக்கருப் பைய உள்ள இழுத்துட்டு இருக்குது. நீங்க உரிச்சா பை வெளியவே தொங்கும், கிழிஞ்சா குட்டி போச்சு. கோழிக்குஞ்சுக்கு ஓட்டை உரிச்சு ஒத்தாசை பண்ணிப் பழகுன கைக்கு இது கஷ்டமாத்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சு.

தானா வெளிய வந்ததும் வயித்தப் பாருங்க. பை இன்னும் துருத்திட்டு இருந்தா சுத்தமான சின்ன டப்பால ஈர டிஷ்யூ பேப்பர் விரிச்சு அதுல விட்டு, அதே பெட்டிக்குள்ளயே வைங்க, மண்ணோ தேங்கா நாரோ ஒட்டக் கூடாது. அடைஞ்சு வயிறு மட்டமானதும் தாடை முங்காத அளவு வெதுவெதுப்பான தண்ணில பத்து நிமிசம் விடுங்க, குடிக்கும். தீனிக்கு அவசரமில்ல, ரெண்டு மூணு நாள் கழிச்சு பொடியா நறுக்குன செம்பருத்தி இலை, அருகம்புல்லு வைங்க. தக்காளி, வாழைப்பழம்னு ஆசையாக் குடுக்காதீங்க.

மத்த அஞ்சையும் குப்பைல போட்டுறாதீங்க. ஒரே நாள் போட்ட முட்டைல ஒண்ணுக்கும் இன்னொண்ணுக்கும் மூணு வாரம் கூட வித்தியாசம் வரும். எடுத்துக் குலுக்கிப் பாக்க வேண்டாம், ரூம் லைட்டை அணைச்சுட்டு செல்போன் டார்ச்ச பக்கத்துல வச்சுப் பாருங்க, உள்ள இருட்டா அடைஞ்சு ஒரு முனைல மட்டும் வெளிச்சமாக் காத்துப் பை தெரிஞ்சா உசுரு இருக்க வாய்ப்பிருக்கு. மஞ்சளா முழுசும் வெளிச்சம் போனா கரு கூடாத முட்டை. நாத்தம் அடிக்கறதையும் ஓட்டுல கசியறதையும் மட்டும் எடுங்க, மிச்சத்தை 130 நாள் வரைக்கும் விட்டு வைங்க.